காபூல் போகும் வழி

உக்காருங்கம்மா. அங்க வேண்டாம், ஃபேனுக்கு நேரா உக்காருங்க. பாளையங்கோட்டை வெயில் மெட்ராஸ்காரங்களுக்குத் தாங்காது. எமிலி, ஒரு தம்ளர் மோர் கொண்டா.

ஆக, நாட்கர்ணிக்கு நினைவு மலர் போடுதீங்க. அவன்கூடச் சிறையில இருந்தவங்கள்ல மிச்சம் இருக்கிறது நான் ஒருத்தன்தான். தில்லான் போய் ஆறு வருஷமாச்சு. அதனால என்கிட்ட நாலு வார்த்தை வாங்கிட்டுப் போகலாம்னு வந்திருக்கீங்க. நாலு வார்த்தை! எட்டு மாசம் அவன் குறட்டையைக் கேட்டுக்கிட்டுப் படுத்திருந்தவன் நான்.

சரி, எழுதுங்க. நாட்கர்ணி நல்லவன். ஆச்சா? இப்ப பேனாவைக் கீழ வச்சிட்டு நான் சொல்லுததைக் கேளுங்க. போன தடவை எங்க முன்னாள் விமானப்படைக்காரங்க சங்கத்துல போட்ட புஸ்தகத்தைப் பாத்தீங்களா? அவனும் தில்லானும் தப்பிச்ச கதை பதினாலு பக்கம். அதுல ஒரு இடத்துல, "அறையில் இருந்த மூன்றாவது அதிகாரி பின்தங்கிவிட்டார்." அவ்வளவுதான். மூன்றாவது அதிகாரி. ஃப்ளைட் லெஃப்டினன்ட் சாமுவேல் ஞானசிகாமணின்னு போட்டா மை தீந்துருமா? பின்தங்கிட்டேனாம். நான் என்ன ஓட்டப் பந்தயத்துலயா இருந்தேன்?

முதல்ல இருந்து சொல்லுதேன்.

எழுபத்தொண்ணு டிசம்பர். சண்டை ஆரம்பிச்சு மூணாவது நாள். குண்டு போட எனக்கு ஒரு ரயில் பாலத்தைக் கொடுத்தாங்க. போனேன், போட்டேன். பாலத்துக்கு ரொம்பப் பக்கத்துல விழுந்துச்சு. ஆத்துல மீனெல்லாம் மேல மிதக்குது, நானே பாத்தேன். திரும்பும்போது, எதுக்கும் இன்னொரு சுத்து போய்ப் பாலம் எப்படி இருக்குன்னு பாத்துட்டு வரலாம்னு தோணுச்சு. கடமைல்லா? பாலம் நல்லா இருந்துச்சு. அந்த ஒரு சுத்துலதான் வந்தது வினை. பெட்ரோல் தீந்து விழுந்தான்னு சங்கத்துல இன்னைக்கும் சிரிக்காங்க. தப்பு. பெட்ரோல் இருந்துச்சு. எல்லை வரைக்கும் போதலை, அவ்வளவுதான்.

பாராசூட்டுல இறங்குனேன். கரும்புக் காடு. கீழ வந்து விழுந்ததும் முதுகுல ஒரு வலி, இன்னும் இருக்கு. எந்திரிச்சு நிக்கேன், சுத்தி நாப்பது பேரு. கம்பு, மண்வெட்டி, கரும்பு வெட்டுத அருவா. வேற ஒருத்தனா இருந்தா அழுதிருப்பான். நான் யோசிச்சேன். இவனுகளுக்கு நான் எந்த நாட்டுக்காரன்னு எப்படித் தெரியும்? உடுப்பு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான். நெஞ்சை நிமித்திக்கிட்டு இந்தியில சொன்னேன், "நான் உங்க விமானப்படைதான். டீ கொண்டாங்க."

கூட்டம் அப்படியே நின்னு போச்சு. ஒரு பள்ளிக்கூட வாத்தியார் மட்டும் முன்னால வந்தாரு. கண்ணாடி போட்ட மனுஷன். "ரொம்ப சந்தோஷம். சொந்த ஊர் எதுவோ?"ன்னாரு.

"லாகூர்."

"லாகூர்ல எங்க?"

"பஸ் ஸ்டாண்டு பக்கத்துல."

எந்த ஊர்லயும் பஸ் ஸ்டாண்டு இருக்கும்லாம்மா? நல்ல பதில்தானே? ஆனா அந்த வாத்தியார் என் இந்தியைக் கேட்டுட்டு ஒரு சிரிப்பு சிரிச்சாரு பாருங்க. நாப்பது பேரும் சிரிக்கான். அருவா வச்சிருந்தவன் அருவாளைக் கீழ போட்டுட்டு வயித்தைப் பிடிச்சிக்கிட்டுச் சிரிக்கான். ஒரு அடி விழலை எம்மேல. என் சமயோசிதத்தால அங்க ஒரு சொட்டு ரத்தம் சிந்தலை. அப்புறம் வாத்தியாரே டீ வாங்கிக் கொடுத்து, பட்டாளத்துக்காரன் வாரது வரைக்கும் என்கிட்ட அல்ஜீப்ரா பத்திப் பேசிக்கிட்டு இருந்தாரு.

கொண்டுபோய் ஒரு பழைய பட்டாளக் குடியிருப்புல அடைச்சாங்க. ஊர் பேர் வேண்டாம். தனிக் கட்டடம், ஒரே அறை, மூணு கட்டில். அங்கதான் நாட்கர்ணி இருந்தான். நீங்க அவனை வயசான காலத்துல பெரிய மீசையோட பாத்திருப்பீங்க. அப்ப மீசை கிடையாது. அஞ்சடி நாலங்குலம். பேசவே மாட்டான். பாங்குல நோட்டு எண்ணுதவன் மாதிரி இருப்பான். தில்லான் ஆறடி, பஞ்சாபி, பிரிவினைக்கு முன்னால அந்தப் பக்கத்துலயே பிறந்தவன். மூணாவது கட்டில் எனக்கு.

நான் போன பத்தாம் நாள் சண்டை முடிஞ்சு போச்சு. நாங்க ஜெயிச்சிட்டோம். இன்னைக்கு விடுவான், நாளைக்கு விடுவான்னு இருக்கோம். ரெண்டு மாசம் ஓடிப் போச்சு, ஒருத்தனும் விடுததா காணோம். அங்க எமிலி மூத்தவளை வயித்துல வச்சிக்கிட்டு இருக்கா. நான் உயிரோட இருக்கேன்னே அவளுக்கு ஜனவரியிலதான் தெரியும். இல்ல எமிலி?

பிப்ரவரியா? சரி, பிப்ரவரி.

ஒருநாள் நாட்கர்ணி சொல்லுதான், "நான் போகப் போறேன். வாரீங்களா?" ஏதோ மார்க்கெட்டுக்குப் போற மாதிரி. தில்லான் உடனே சரின்னுட்டான். நான்தான் நிதானமாக் கேள்வி கேட்டேன். எப்படிப் போறது, எங்க சாப்பிடுறது, செருப்பு இருக்கா, சுட்டா என்ன பண்ணுறதுன்னு அன்னைக்கு மட்டும் முப்பது கேள்வி கேட்டேன். ஒரு கூட்டத்துல கேள்வி கேக்க ஒருத்தன் வேணும்லா? நாட்கர்ணி பொறுமையாக் கேட்டுட்டுக் கடைசில, "மணி, நீ மெதுவாப் பேசு, அது போதும்"னான்.

முதல் தடவை ஜன்னல். பின் சுவத்துல உசரத்துல ஒரு ஜன்னல், மூணு கம்பி. தில்லான் அஞ்சு வாரம் ஒரு கத்தித் துண்டை வச்சி ராவி ராவி நடுக் கம்பியை எடுத்துட்டான். மத்தியானம் காவல்காரன் சாப்பிடப் போற நேரம். யார் முதல்ல? நான் சொன்னேன், நம்ம மூணு பேர்ல பெரிய உடம்பு என்னுது, நான் புகுந்துட்டா எல்லாரும் புகுந்துரலாம். இது கணக்குதானே? நாட்கர்ணிதான் வேண்டாம், நீ கடைசியா வான்னு சொல்லிக்கிட்டே இருந்தான். நான் விடலை. முன்னால நிக்க வேண்டிய நேரத்துல பின்னால நிக்கிறது எங்க குடும்பத்துலயே கிடையாது.

தலை போச்சு. தோள் போச்சு. இடுப்புல நின்னுக்கிச்சு. அந்தப் பக்கம் பாதி நான், இந்தப் பக்கம் பாதி நான். தில்லான் காலைப் பிடிச்சித் தள்ளுதான், நாட்கர்ணி காலைப் பிடிச்சி இழுக்கான். ரெண்டு பேரும் ஒரு முடிவுக்கு வர வேண்டாமா? செஞ்சிலுவைப் பொட்டலத்துல வார நெய்யை நீ ஒருத்தனே தின்னேன்னு தில்லான் அந்த நேரத்துல சண்டை பிடிக்கான். நான் வலியில ஒரு சத்தம் போட்டிருப்பேன். ஒண்ணுதான். அது அந்தக் குடியிருப்பு முழுக்கக் கேட்டுருச்சு.

காவல்காரங்க வந்து என்னை உருவ அரை மணி நேரம் ஆச்சு. சோப்புத் தண்ணி ஊத்தினாங்க. மறுநாள் ஜன்னலைச் செங்கல் வச்சி அடைச்சிட்டாங்க. நாட்கர்ணி ரெண்டு நாள் யார்கூடவும் பேசலை. ஜன்னலைத் தப்பா அளந்தது அவன். அந்த வெக்கம்.

ரெண்டாவது தடவை சுவரு. தில்லான் கட்டில்ல ஒரு இரும்புச் சட்டத்தைக் கழட்டி, தகரப் பெட்டிக்குப் பின்னால சுவத்தைக் குடைய ஆரம்பிச்சான். பழைய சுவரு, சுண்ணாம்பு. ஆனா சத்தம் கேக்கும்லா? அப்பத்தான் அவனுகளுக்கு நான் தேவைப்பட்டேன். நான் கதீட்ரல் கோயில்ல பாடகர் குழுவுல பத்து வருஷம் பாடினவன். நான் பாடணும், அந்தச் சத்தத்துல அவன் குடையணும்.

மத்தியானம் ரெண்டு மணிக்குத் தொடங்குவேன். கீர்த்தனை, கல்யாணப் பாட்டு, பள்ளிக்கூடத்துல படிச்ச மனப்பாடச் செய்யுள், எல்லாத்தையும் ராகம் போட்டுப் பாடுவேன். எங்களுக்குக் காவல் குல்சார் கான்னு ஒரு நாயக். சட்டைக் கையில ரெண்டு பட்டை, அந்தப் பதவிக்கு. அம்பது வயசு இருக்கும், பெரிய மீசை, மெதுவான ஆளு. முதல் நாள் கதவு கிட்ட வந்து நின்னான். ரெண்டாம் நாள் கதவுல சாஞ்சுக்கிட்டு நின்னான். மூணாம் நாள் ஒரு முக்காலியைக் கொண்டாந்து கதவு கம்பிக்கு வெளிய போட்டு உக்காந்துட்டான்! தமிழ் ஒரு எழுத்துத் தெரியாது அவனுக்கு. கண்ணை மூடித் தலையை ஆட்டுவான். நிறுத்தினா, "இன்னொண்ணு"ம்பான். தில்லான் இரும்பைப் போர்வைக்கடியில வச்சிக்கிட்டு என்னை முறைக்கான். நான் என்னம்மா செய்யட்டும்? மோசமாப் பாடச் சொல்லுதான் தில்லான். வருமா? பழகின தொண்டை.

பத்து நாள் ஒரு செங்கல் நகரலை. அப்புறம் நாட்கர்ணி ஒருநாள் வந்து பக்கத்துல உக்காந்து, "மணி, உன் குரலுக்கு இந்த அறை போதாது. முற்றத்துல வேப்ப மரத்தடியில போய்ப் பாடு"ன்னான். பாருங்க, அவ்வளவு சங்கீத ஞானம் அவனுக்கு இருக்கும்னு அதுவரைக்கும் எனக்குத் தெரியாது. குல்சார் கான் கமாண்டன்ட் கிட்டப் பேசி அனுமதி வாங்கிட்டு வந்தான். மூணு மாசம், தினமும் ஒரு மணி நேரம், வேப்ப மரத்தடியில கச்சேரி. குல்சார் கான் வருவான், சமையக்காரன் வருவான், அடுத்த கட்டடத்துக் காவல்காரன் ரெண்டு பேர் வருவான். குல்சார் கான் ஒரு நாளைக்கு ஜிலேபி வாங்கிட்டு வந்தான் எனக்கு, சொந்தக் காசுல. உள்ள தில்லான் நிம்மதியாக் குடைஞ்சிக்கிட்டு இருந்தான்.

இதெல்லாம் அந்தப் பதினாலு பக்கத்துல எங்க இருக்கு? "சுவரில் துளையிட்டனர்." எப்படி இட்டனர்? யார் பாட்டுல இட்டனர்?

மோர் குடிங்க. உப்புக் கம்மியா இருந்தாக் கேளுங்க.

ஆகஸ்டு மாசம் ஓட்டை தயார். இப்ப வழி. நாட்கர்ணி எங்கிட்டத் தனியாச் சொன்னான், மேற்க போறோம், ஆப்கானிஸ்தான். இந்த ஊர்ல இருந்து பஸ், அப்புறம் ரயில்ல பெஷாவர், அங்க இருந்து கணவாய் வழியா நடந்து எல்லை, அப்புறம் காபூல், அங்க நம்ம தூதரகம். எங்க இறங்கணும், எங்க டீ குடிக்கணும், எந்தப் பாலத்துக்கு அடியில ஒளியணும், அவ்வளவும் சொன்னான். சொன்னதோட விடலை. தினமும் காலையில என்னை ஒப்பிக்கச் சொல்லுவான். ஞாயிறு பள்ளிக்கூடத்துல வசனம் ஒப்பிப்போம்லா, அது மாதிரி. ஒரு ஊர் பேரு விட்டுப் போனா மறுபடியும் முதல்ல இருந்து. தில்லானை ஒரு தடவை கூடக் கேட்டது கிடையாது. நான் கேட்டேன், "ஏன், அவன் மனப்பாடம் பண்ண வேண்டாமா?" "அவனுக்கு மறந்து போகும். நீ ஞாபகம் வச்சிக்கிட்டாப் போதும்"னான். அந்தப் பொறுப்பை எங்கிட்டக் கொடுத்தான்.

நாள் குறிச்சோம். வெள்ளிக்கிழமை, மத்தியானத் தொழுகை நேரம். இருபத்தஞ்சாம் தேதின்னு எங்கிட்டச் சொன்னான்.

இதுக்கு நடுவுல எனக்கு ஒரு கடைவாய்ப் பல் ஆட ஆரம்பிச்சிருந்துச்சு. லேசான வலிதான். ஒருநாள் சாப்பிடும்போது 'ஸ்'ன்னேன். நாட்கர்ணி துடிச்சுப் போயிட்டான். உடனே கமாண்டன்டுக்கு மனு எழுதுதான். ஜெனீவா ஒப்பந்தத்துல எத்தனையாவது ஷரத்துன்னு எல்லாம் போட்டு, போர்க்கைதியோட பல்லைக் கவனிக்கலைன்னா உலகமே கேக்கும்னு. நான் சொன்னேன், "விடுப்பா, ஊருக்குப் போய்ப் பாத்துக்கிடலாம்." கேக்க மாட்டேங்கான். "காபூல் வரைக்கும் பல் வலியோட நடப்பியா மணி?"ன்னான். பெத்த தாய் மாதிரி. நானே நெகிழ்ந்து போயிட்டேன். அனுமதி வந்துச்சு. பதினெட்டாம் தேதி காலையில டவுன்ல பல் டாக்டர்.

நான் ஜீப்புல ஏறும்போது நாட்கர்ணி வந்து கையைப் பிடிச்சான். விடவே இல்லை. ஒரு பல்லுக்கு எதுக்குடா இவ்வளவுன்னு சிரிச்சேன். தில்லான் கூட வந்து கட்டிப் பிடிச்சான். எங்கிட்ட ஒழுங்காப் பேசாதவன் அவன்.

டாக்டர் நல்லா ஊசி போட்டுப் பிடுங்கிட்டாரு. ஒண்ணில்ல, ரெண்டு. ஒரு கன்னம் பூரா மரத்துப் போச்சு, நாக்கு எங்க இருக்குன்னே தெரியலை. ஒரு மணிக்குத் திரும்பி வாரேன், குடியிருப்பு முழுக்க விசில் சத்தம். அறையில சுவத்துல ஓட்டை. ரெண்டு பேரையும் காணோம்!

எனக்கு ஒரு நிமிஷம் ஒண்ணும் ஓடலை. கட்டில்ல உக்காந்துட்டேன். அப்புறம்தான் புரிஞ்சிச்சு. தேதி தப்பு. சிறையில நாள் கணக்கு தப்பிப் போறது சகஜம். இருபத்தஞ்சுன்னு நினைச்சிக்கிட்டுப் பதினெட்டுலயே கிளம்பிட்டான். நாட்கர்ணி கணக்குல மோசம்னு நான்தான் ஜன்னல்லயே பாத்தேனே.

என்னை ஒரு மேஜர் முன்னால கொண்டு போய் உக்கார வச்சாங்க. விசாரணை. நீங்க இளவயசு, உங்களுக்கு அது என்னன்னு தெரியாது. "எங்க போனாங்க?" நான் பதில் சொல்லலை. "எந்த வழியாப் போனாங்க?" பதில் சொல்லலை. ஒரு மணி ஆச்சு, ரெண்டு மணி ஆச்சு, மூணு மணியும் ஆகிப் போச்சு. மூணு மணி நேரம் என் வாயில இருந்து ஒரு வார்த்தை வரலை! எச்சிதான் வந்துச்சு. மேஜர் மேஜையைக் குத்துதாரு, நான் அவரை அப்படியே பாத்துக்கிட்டு இருக்கேன்.

வாய் மரத்துக் கிடந்ததாலயா? இல்ல எமிலி, மரப்பு ஒரு மணி நேரத்துலயே கொஞ்சம் இறங்கிருச்சு. நீ சும்மா அடுப்பைப் பாரு.

அப்புறம் அவரு தந்திரத்தை மாத்தினாரு. டீ வரவழைச்சாரு. முட்டை ஆம்லெட். காலையில இருந்து நான் பட்டினி. பக்கத்துல வந்து உக்காந்து மெதுவாச் சொல்லுதாரு, "பாருப்பா, ஊர் ஊராச் சொல்லியாச்சு. கிராமத்துக்காரன் கையில மாட்டினா வெட்டிருவான். ரோந்துக்காரன் கண்ணுல பட்டா சுட்டுருவான். வழியைச் சொன்னா, நானே போய் உயிரோட கூட்டிட்டு வாரேன். அவங்க உயிர் இப்ப உன் கையில."

அந்த அருவாளையும் கரும்புக் காட்டையும் நான் பாத்தவன்மா. நாட்கர்ணி அஞ்சடி நாலங்குலம். அவனை ஒருத்தன் மண்வெட்டியால ஒரு போடு போட்டா...

சொன்னேன். ஆனா என்ன சொன்னேன்? காபூல்! மேற்கன்னு சொன்னேன். பஸ்ஸு, பெஷாவர் ரயிலு, கணவாய், பாலம், டீக்கடை, ஒரு ஊர் பேர் விடலை. மேஜர் எழுத முடியாமத் திணறுதாரு. நான் அவருக்கு எழுத்துக் கூட்டிக் கொடுத்தேன். அன்னைக்குச் சாயங்காலம் இருந்த ஜீப்பு, லாரி, நாய், அவ்வளவும் மேற்கப் பாத்துப் போச்சு.

அவனுக ரெண்டு பேரும் எங்க போனானுக தெரியுமா? கிழக்க! தில்லான் பிறந்த ஊர்ப் பக்கம். கூலி ஆள் மாதிரி தலையில ஆளுக்கொரு புல்லுக்கட்டை வச்சிக்கிட்டு, கால்வாய்க் கரையோட நடந்து, அஞ்சு நாள்ல நம்ம எல்லைக்கு வந்துட்டானுக. கிழக்கத் தேட ஒரு ஆள் கிடையாது. ஏன் கிடையாது? யார் அத்தனை பேரையும் மேற்க அனுப்பினது? சொல்லுங்க. எதிரிப் படையில ஒரு ரெஜிமென்டையே நான் ஒரே ஆள், நாக்காலியில உக்காந்துக்கிட்டு, தப்பான திசைக்கு அனுப்பியிருக்கேன். இதுக்குப் பேரு பின்தங்குறதா?

என்ன கேட்டீங்க? அவங்க கிழக்க போறாங்கன்னு அப்ப எனக்குத் தெரியுமாவா?

தெரியுமான்னா... ஒரு படைவீரனுக்கு உள்ளுணர்வுன்னு ஒண்ணு இருக்கும்மா. அதெல்லாம் நீங்க எழுத வேண்டாம்.

சரி, அப்புறம் நடந்ததைக் கேளுங்க. இதை எந்த மலர்லயும் யாரும் கேக்கலை. ஆறாம் நாள் நம்ம ரேடியோவுல செய்தி, ரெண்டு அதிகாரிகள் தப்பிச்சு ஊர் வந்து சேந்தாங்கன்னு. மேஜர் என் அறைக்கு வந்தாரு. என்னை ஒரு பொந்துல போட்டாங்க. ஆறடிக்கு நாலடி. எழுபத்தொரு நாள். ஒரு நேரம் ரொட்டி, ஒரு நேரம் பருப்புத் தண்ணி. கடிதாசு கிடையாது. அங்க உக்காந்துதான் எனக்குப் பொம்பளைப் புள்ள பிறந்ததை நினைச்சிக்கிட்டு இருந்தேன். மூணு மாசத்துப் போட்டோ ஒண்ணு வந்திருந்துச்சு, அதையும் பிடுங்கிட்டாங்க. அந்த முகம் மறந்து போயிருமோன்னு தினமும் கண்ணை மூடி நினைச்சிப் பாப்பேன். நாப்பதாவது நாள் வாக்குல மறந்து போச்சு. நெசமாவே மறந்து போச்சும்மா.

பாடலாம்னு வாயைத் திறந்தா வரலை. ரெண்டு பல் போனதால காத்துப் போகுது.

ஒருநாள் ரொட்டி கொண்டு வந்தது குல்சார் கான். நான் கையைப் பாக்கேன், ரெண்டு பட்டையும் இல்லை. பிச்சி எடுத்துட்டாங்க. அவனுக ரெண்டு பேரையும் தப்ப விட்டதுக்கு. ரிட்டயர் ஆக ஒரு வருஷம் இருந்த மனுஷன். தட்டைக் கீழ வச்சான். போகலை. அப்படியே நின்னுக்கிட்டுக் கேட்டான், "சாப், பாட்டு அதுக்குத்தானா?"

நான் இல்லைன்னேன். "இல்லை குல்சார் கான், உனக்காகத்தான் பாடினேன்"னேன். அந்த லாகூர் பஸ் ஸ்டாண்டை விட்டா, அந்த மண்ணுல நான் தெரிஞ்சு சொன்ன பொய் அது ஒண்ணுதான். அவன் தலையை ஆட்டிக்கிட்டுப் போயிட்டான். நம்பினானா இல்லையான்னு தெரியலை. அதுக்கப்புறம் அவனை நான் பாக்கலை.

டிசம்பர்ல எல்லாரையும் விட்டாங்க. எல்லையில பேண்டு வாத்தியம், மாலை, லட்டு. திருநெல்வேலி ஜங்ஷன்ல வந்து இறங்குதேன். எமிலி புள்ளையை இடுப்புல வச்சிக்கிட்டு நிக்கா. புள்ள என்னைப் பாத்துட்டு வீல்னு அழுது. எமிலி கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "அவங்க ரெண்டு பேரும் ஆகஸ்டுலயே வந்துட்டாங்களே, நீங்க ஏன் வரலை?" அவளைக் குத்தம் சொல்ல மாட்டேன். அவ நாலு மாசம் இந்தத் தெருவுல அந்தக் கேள்வியைக் கேட்டுக்கிட்டு இருந்திருக்கா. கோயில்ல எங்க பாதிரி ஐயர் கேட்டிருக்காரு, பால்காரன் கேட்டிருக்கான். இன்னைக்கு நீங்க கேக்கலை, அவ்வளவுதான். உங்க கண்ணுல இருக்கு.

அவனுக ரெண்டு பேருக்கும் அதுக்குள்ள பதக்கம் குத்தியாச்சு. எனக்கு ஒரு சான்றிதழ் வந்துச்சு, 'திருப்தியான நடத்தை'ன்னு. நான் பன்னெண்டு மனு போட்டேன். எதிரியைத் திசை திருப்பினதுக்கு ஏதாவது பண்ணுங்கன்னு. ஒரே ஒரு பதில் வந்துச்சு. உங்க பல் வைத்தியச் செலவுக்கு ரசீது இணைக்கவும்னு. எதுக்குக் கேக்கான், ஏன் கேக்கான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது.

நாட்கர்ணி மட்டும் வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அனுப்புவான். முப்பது வருஷம் தப்பாம. மூத்தவ கல்யாணத்துக்குப் புனேயில இருந்து வந்து நின்னான். பந்தியில எச்சி இலை எடுக்கான், குரூப் கேப்டன் வரைக்கும் உசந்த அதிகாரி! நான் கையைப் பிடிச்சித் தடுத்தேன். "என்னை எதாவது செய்ய விடு மணி"ன்னான். பெரிய மனுஷங்களுக்கு வயசானா இப்படித்தான் ஒரு மாதிரி ஆயிருவாங்க.

போன மாசம் அவன் பொண்டாட்டி போன் பண்ணுனாங்க. உடம்பு முடியலை, உங்களைப் பாக்கணும்னே சொல்லுதாருன்னு. நானும் எமிலியும் ரயிலேறிப் போனோம். மிலிட்டரி ஆஸ்பத்திரி. மூக்குல குழாய். ஜீப்புல ஏறும்போது பிடிச்சான்லா, அதே மாதிரி கையைப் பிடிச்சிக்கிட்டான். மூச்சு வாங்குது. விட்டு விட்டுச் சொல்லுதான்:

"மணி, தேதி தப்பலை. எந்த வழின்னு உங்கிட்ட நான் எதைச் சொன்னாலும், அதை அப்படியே நீ அவங்ககிட்டச் சொல்லிருவேன்னு எனக்கு நிச்சயமாத் தெரியும். அதை நம்பித்தான் நாங்க கிளம்பினோம். அந்த எழுபத்தொரு நாளை என்னால மறக்க முடியலை. என்னை மன்னிச்சிரு."

நான் பக்கத்துல இருந்த டாக்டரைப் பாத்தேன். மருந்து மயக்கத்துல சொல்லுதானோன்னு. இல்லை, தெளிவாத்தான் இருந்தான். "எதுக்குப்பா மன்னிப்பு, நான் இருந்தேன்லா"ன்னேன். அவன் கண்ணை மூடிக்கிட்டான். எமிலி அங்கனதான் நின்னுக்கிட்டு இருந்தா. விறுவிறுன்னு வெளிய போயிட்டா. போய்ப் பாத்தா வராண்டாவுல நின்னு அழுதுக்கிட்டு இருக்கா. ஏன்னு கேட்டா, என் சட்டைப் பித்தானைச் சரி பண்ணி விடுதா. இன்னைக்கு வரைக்கும் காரணம் சொல்லலை. அவனை அவளுக்கு அவ்வளவா பழக்கம் கூடக் கிடையாது.

இப்ப பேனாவை எடுங்கம்மா. இதை மட்டும் ஒரு எழுத்து மாத்தாம எழுதுங்க. ரெண்டு உயிரு, மூணு மாசத்து உழைப்பு, அத்தனையையும் ஒருத்தன் மேல வச்சிட்டுக் கிளம்பியிருக்கான் நாட்கர்ணி. தில்லான் மேல இல்ல, தன் மேல இல்ல, எம்மேல. நம்பித்தான் கிளம்பினோம்னு அவன் வாயாலயே சொன்னான். எங்கப்பா கூட என்னை அப்படி நம்பினது கிடையாது.